அங்க தண்ணி வருமா?

வெளிநாட்டுச் சுற்றுலாவுக்குப் பணம் கட்ட வருகிறவர்கள் விசா கிடைக்குமா என்று கேட்பார்கள், நம்ம சாப்பாடு உண்டா என்று கேட்பார்கள், குளிர் தாங்குமா என்று கேட்பார்கள். ரசீது வாங்கிப் பைக்குள் வைத்த பிறகு, வீட்டுக்காரர் வண்டியை எடுக்க வெளியே போனதும், அந்த அம்மா மேசைப் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்திக் கேட்பார் பாருங்கள், அதுதான் உண்மையான கேள்வி: "ஏம்மா, அங்க தண்ணி வருமா?"

குடிக்கிற தண்ணீரைக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். நான் புதுச்சேரியில் சின்னதாக ஒரு டிராவல்ஸ் நடத்துகிறேன். கடலூர், பண்ருட்டி, நெய்வேலி, விழுப்புரம் பக்கத்திலிருந்து ஆள் சேர்த்துக்கொண்டு நானும் கூடவே போய்வருவேன். ஈபிள் கோபுரத்தைப் பற்றிச் சொல்ல அந்த ஊர் கைடு இருக்கிறார். கக்கூஸைப் பற்றிச் சொல்ல நான்தான் இருக்கிறேன். விமானம் ஏறுவதற்கு முன்பு நடத்துகிற கூட்டத்தில் பாஸ்போர்ட்டுக்குப் பத்து நிமிடம், இதற்கு அரை மணி நேரம்.

பதில் ஊருக்கு ஊர் மாறும். மலேசியா, தாய்லாந்து, துபாய் என்றால் கவலையே வேண்டாம். சுவரில் ஹெல்த் ஃபாசெட் தொங்கும், நம் வீட்டில் வருவதைவிட வேகமாகவே அடிக்கும். துருக்கியில் வெளியே எதுவும் தொங்காது. கோப்பையின் பின்விளிம்பில் உள்பக்கமாக ஒரு சின்னக் குழாய்முனை எட்டிப்பார்க்கும், அதற்கான திருகு பக்கத்துச் சுவரில் இருக்கும். உட்கார்ந்துகொண்டு திருகினால் பட வேண்டிய இடத்தில் படும். நம்மவர்கள் முதல் நாள் என்ன செய்வார்கள் என்றால், இது எதற்கு என்று குனிந்து பார்த்தபடியே திருகுவார்கள். இஸ்தான்புல்லில் காலை டிபனுக்கு யாராவது சட்டை மாற்றிக்கொண்டு தாமதமாக வந்தால் நான் காரணம் கேட்பதில்லை.

ஐரோப்பா என்றாலே காகிதம்தான் என்று ஒரு பயம் இருக்கிறது. அது முழுக்கச் சரியில்லை. ஃபின்லாந்தில் வீடுகளில் கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு கைக்குழாய் இருப்பது சர்வசாதாரணம். வாஷ்பேசின் குழாயோடு இணைத்திருப்பார்கள். பேசின் குழாயைத் திறந்து வைத்துவிட்டு இதை அழுத்த வேண்டும். வெந்நீர் கலந்து வேறு வரும். இத்தாலி இன்னும் ஒரு படி மேலே. கோப்பைக்குப் பக்கத்தில், கிட்டத்தட்ட அதே உயரத்தில், குழாயோடு இன்னொரு பீங்கான் தொட்டி. பெயர் பிதே. 1975ஆம் ஆண்டின் அரசாணைப்படி அங்கே வீட்டுக் குளியலறையில் அது இருந்தே ஆக வேண்டும். எப்படி உட்காருவது என்று கூச்சப்படாமல் விளக்கித்தான் சொல்கிறேன். ஆனாலும் நம்மவர்கள் அதில் சாக்ஸ் துவைப்பார்கள். ரோமில் ஓர் அம்மா அதில் தண்ணீர் பிடித்து ஆப்பிள்களை மிதக்கவிட்டிருந்தார். "கழுவறதுக்குத்தானே வெச்சிருக்கான்?" என்றார். மறுத்துப் பேச முடியவில்லை.

வேடிக்கை என்னவென்றால் பிதே பிறந்தது பிரான்ஸில். இத்தாலிக்காரன் அதைச் சட்டம் போட்டுக் காப்பாற்றுகிறான், பிரெஞ்சுக்காரன் குளியலறையில் இடம் போதவில்லை என்று கழற்றிப் போட்டுவிட்டான். இது புதுச்சேரிக்காரர்களுக்குச் சொந்தத் துயரம். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்த சொல்தா குடும்பங்களில் ஆரம்பித்து, எங்கள் பக்கத்தில் பலருக்கும் பாரிஸில் ஆள் உண்டு. என் சித்தப்பா மகள் பாரிஸுக்கு வடக்கே சார்செல்லில் இருக்கிறாள். அவள் வீட்டுக் கழிவறையில் செடிக்கு ஊற்றுகிற பூவாளி ஒன்று இருக்கும். நீண்ட மூக்கு, கைக்கு அடக்கமான பிடி, வேண்டிய அளவுக்குச் சாய்க்கலாம். அந்த வேலைக்கென்றே செய்தது போல இருக்கும். பக்கத்து வீட்டு பிரெஞ்சுக்காரி ஒரு நாள் உள்ளே போய்விட்டு வந்து, "செடி எங்கே வைத்திருக்கிறாய்?" என்று கேட்டாளாம். பால்கனியில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, மறுநாளே கடைக்குப் போய் இரண்டு தொட்டிச் செடி வாங்கி வைத்திருக்கிறாள்.

பாரிஸ் தெருக்களில் தானியங்கிக் கழிவறைகள் இருக்கின்றன. சாம்பல் நிறக் கூண்டு, பொத்தானை அழுத்தினால் கதவு விலகும். 2006 முதல் இலவசம். ஒருவர் வெளியே வந்ததும் கதவை மூடிக்கொண்டு தன்னைத்தானே கழுவிக்கொள்ளும், அது முடிந்துதான் அடுத்தவரை விடும். வரிசையில் நிற்கிற நம்மவர்களுக்கு இது நேர விரயமாகப் படும். முதலில் போனவர் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு "சீக்கிரம் வாங்க, மூடிக்கப் போவுது" என்று அடுத்தவரை உள்ளே தள்ளுவார். கழுவும் இயந்திரத்துக்கு உள்ளே ஆள் இருப்பது தெரிய வேண்டுமே! இதை மட்டும் நான் மைக் பிடித்துச் சொல்வேன்.

ஆண்களுக்காக ஒரு காலத்தில் பாரிஸ் முழுக்கத் தெருவோர இரும்புக் கூண்டுகள் இருந்தன. இப்போது மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று, லா சாந்தே சிறைச்சாலை ஓரம் அராகோ சாலையில் நிற்கிறது. ஆம்ஸ்டர்டாமில் இன்னும் ஒரு வகை உண்டு. பகலில் தரைக்குள் புதைந்திருந்து, இரவில் மதுக்கடைகள் களைகட்டும் நேரத்தில் மேலே எழும்பி வரும். எல்லாம் ஆண்களுக்குத்தான். ஒரு பெண்ணுக்கு அவசரம் வந்தால் நகரம் அவளை ஏதாவது ஒரு காபிக் கடைக்குள் போய் வேண்டாத காபியை வாங்கச் சொல்கிறது.

என் வேலையில் கழிவறை என்பது பெரும்பாலும் பெண்கள் விஷயம். பேருந்தில் ஆண்கள் எங்கே வேண்டுமானாலும் இறங்கிக்கொள்வார்கள். பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். கையில் பாட்டில் இருக்கும், மூடி திறக்காமலே இருக்கும். மூன்றாம் நாள் தலைவலி, நான்காம் நாள் நீர்க்கடுப்பு. சுவிட்சர்லாந்தின் பனிமலையை விட்டுவிட்டு மருந்துக் கடையில் நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதனால் இப்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம், குடித்தீர்களா என்று விசாரணை, கழுவத் தண்ணீர் பிடித்துக்கொள்ளக் கைப்பையில் ஒரு காலிப் பாட்டில் கட்டாயம். மூட்டு வலிக்காரர்களுக்குத் தனிப் பட்டியல். குத்த வைத்து உட்கார முடியாதவர் யார் என்று தெரியாமல் ஒரு குழுவைச் சீனாவின் நெடுஞ்சாலைக்குக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது.

ஜெர்மனி நெடுஞ்சாலையில் வாசலில் இயந்திரம் காசு கேட்கும். ஒரு யூரோ போட்டால் ஒரு யூரோவுக்குக் கூப்பன் தரும், அதைக் கொடுத்து அங்கேயே கடையில் ஏதாவது வாங்கலாம். கடையில் எல்லாமே வெளியே விற்பதைவிட விலை அதிகம். ஆனால் கூப்பனை வீணாக்க மனம் வருமா? நாற்பது பேர் நாற்பது கூப்பனைச் சேர்த்து வைத்துக்கொண்டு சாக்லேட் பேரம் பேசுவதைப் பார்த்துக் கல்லாவில் இருந்த பெண் எழுந்து போய் மேலாளரைக் கூட்டி வந்தாள்.

அதே ஜெர்மனியில் பழைய வீடுகளிலும் சின்ன விடுதிகளிலும் ஒரு கோப்பை இருக்கிறது. தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் பீங்கானிலேயே ஒரு திட்டு. போனது கீழே விழுந்து மறையாது. அந்தத் திட்டின் மேலேயே, கண்ணெதிரே இருக்கும். ஃப்ளஷ் அழுத்தினால்தான் முன்பக்க ஓட்டைக்குள் தள்ளப்படும். முதல் முறை பார்க்கிறவர்கள் கோப்பை உடைந்திருக்கிறது என்று புகார் சொல்ல வருவார்கள். பன்றி இறைச்சியைப் பச்சையாக ரொட்டியில் தடவிச் சாப்பிடும் வழக்கம் உள்ள நாடு அது. குடற்புழு இருக்கிறதா, வயிறு ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்பத்தான் அந்தத் திட்டு என்று காரணம் சொல்கிறார்கள். எல்லோரும் முகத்தைச் சுளித்தபோது, ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா மட்டும், "சேம்பிள் எடுக்க எவ்ளோ வசதி!" என்று வியந்தார். அந்த நாற்றத்துக்கு ஜன்னல் வேண்டும் என்பது வேறு விஷயம்.

ஜப்பானைப் பற்றி நான் சொல்லாமலே உங்களுக்குத் தெரிந்திருக்கும். டோட்டோ நிறுவனம் 1980இல் வாஷ்லெட்டை விற்பனைக்குக் கொண்டு வந்தது. இருக்கை சூடாக இருக்கும், அடியிலிருந்து ஒரு குழாய் நீண்டு வந்து கழுவிவிட்டு உள்ளே போய்விடும். எங்கள் குழுவிலேயே அதிகம் பாராட்டு வாங்கிய கருவி இதுதான், புல்லட் ரயில்கூட இரண்டாவதுதான். பொத்தான்களில் ஜப்பானிய எழுத்து இருந்ததால் வெளிநாட்டார் தடுமாறினார்கள் என்று, 2017இல் அங்குள்ள தயாரிப்பாளர்கள் கூடி எல்லாருக்கும் பொதுவான படக்குறிகளை ஒப்புக்கொண்டார்கள். நான் எங்கள் ஆட்களுக்குச் சொல்லித்தருவது ஒரே குறிதான்: நிறுத்துவதற்கான சதுரம். தொடங்குவது எப்படியாவது தொடங்கிவிடும்.

இன்னொரு பொத்தான் தண்ணீர் ஓடுகிற சத்தத்தை மட்டும் போடும். உள்ளே நடப்பது வெளியே கேட்கக் கூடாது என்று பெண்கள் திரும்பத் திரும்ப ஃப்ளஷ் செய்து தண்ணீரை வீணாக்கினார்கள். அதைத் தடுக்க 1988இல் டோட்டோ இந்தச் சத்தக் கருவியைக் கொண்டு வந்தது. எனக்கு இதைவிடப் பிடித்தது ஜப்பானியச் சின்ன வீடுகளில் உள்ள தொட்டி. ஃப்ளஷ் தொட்டியின் மூடியே வாஷ்பேசினாக இருக்கும். ஃப்ளஷ் செய்ததும் தொட்டியை நிரப்ப வருகிற புதுத் தண்ணீர் முதலில் மேலே உள்ள குழாய் வழியாக வரும், அதில் கை கழுவிக்கொள்ளலாம், கழுவிய தண்ணீர் தொட்டிக்குள் இறங்கி அடுத்த ஃப்ளஷுக்குக் காத்திருக்கும். இதில் மின்சாரம் இல்லை, விந்தை எதுவும் இல்லை. நம் ஊரில் ஏன் விற்கவில்லை என்று புரியவே இல்லை.

டோக்கியோவில் ஷிபுயா பகுதிப் பூங்காக்களில் 2020இல் கட்டடக் கலைஞர் ஷிகெரு பான் வடிவமைத்த கண்ணாடிக் கழிவறைகள் திறக்கப்பட்டன. சுவர் முழுக்க வண்ணக் கண்ணாடி, வெளியிலிருந்து கோப்பை தெரியும். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டதும் கண்ணாடி மங்கிவிடும். எங்கள் குழுவில் ஒருவரும் பயன்படுத்தவில்லை. போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டார்கள். "கரண்ட் போச்சுன்னா?" என்றார் ஒருவர். ஆனால் இருட்டிய பிறகு பூங்காக் கழிவறைக்குத் தனியாகப் போன எந்தப் பெண்ணுக்கும் அந்த வடிவமைப்பு உடனே புரியும். உள்ளே சுத்தமாக இருக்கிறதா, உள்ளே யாராவது ஒளிந்திருக்கிறார்களா என்ற இரண்டுக்கும் கதவைத் தொடாமலே தூரத்திலிருந்து பதில் தெரிந்துவிடுகிறது.

சீனா இதற்கு நேர் எதிர். பழைய பொதுக் கழிவறைகளில் கதவே இருக்காது, இடுப்பளவுத் தடுப்பு இருந்தால் அதிர்ஷ்டம். 2015இல் அரசாங்கம் 'கழிவறைப் புரட்சி' என்று அறிவித்து, சுற்றுலாத் தலங்களில் தொடங்கி நிறைய மாற்றிவிட்டது. பெய்ஜிங்கின் சொர்க்கக் கோயில் பூங்காவில் 2017இல், காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு போகிறவர்கள் தொல்லை தாங்காமல், முகத்தை அடையாளம் கண்டு காகிதம் தருகிற இயந்திரத்தையே வைத்தார்கள். ஒரு முகத்துக்கு 60 செ.மீ. காகிதம். இன்னும் வேண்டும் என்றால் ஒன்பது நிமிடம் காத்திருக்க வேண்டும். வயிறு சரியில்லாதவர் கதி என்ன என்று இயந்திரத்திடம் கேட்க முடியாது.

கதவில்லாத கழிவறை ஒன்றில் ஒரு முறை எங்கள் குழு இரண்டாகப் பிரிந்தது. டவுனில் பிறந்து வளர்ந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்து, அடுத்த ஹோட்டல் வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்கள். பண்ருட்டிப் பக்கத்து வயதான அம்மாக்கள் சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு வரிசையாகப் போய் உட்கார்ந்துவிட்டார்கள். உள்ளேயிருந்து பேச்சும் சிரிப்புமாகச் சத்தம். "சின்ன வயசுல முந்திரித் தோப்புக்கு விடியறதுக்கு முன்னால கூட்டமாத்தானே போவோம்? ஊர்க்கதையெல்லாம் அங்கதான்" என்றார் வெளியே வந்த ஒருவர். முந்திரித் தோப்புக்குப் போனது பேசுவதற்காக மட்டும் இல்லை, தனியாகப் போகப் பயந்துதான் என்பதையும் அவரே இரவுச் சாப்பாட்டின்போது சொன்னார்.

இலங்கை அனுராதபுரத்தில் நான் எல்லாக் குழுவையும் நிறுத்திக் காட்டுகிற ஒரு கல் உண்டு. பழைய புத்தப் பிக்குகளில் ஒரு பிரிவினர் கடுந்துறவிகள், அவர்களுடைய மடங்களில் சிற்பமோ அலங்காரமோ கிடையாது. ஆனால் அவர்கள் சிறுநீர் கழித்த கல்லில் மட்டும் நுணுக்கமான வேலைப்பாடு, மாளிகை மாதிரிச் செதுக்கல். உலகத்து ஆடம்பரம் எங்களுக்கு இதற்குச் சமம் என்று சொல்லத்தான் அப்படிச் செய்தார்கள் என்று அறிஞர்கள் விளக்குகிறார்கள். கோபத்தை இவ்வளவு கலைநயத்தோடு காட்டியவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

என் பார்வை திரும்பியது ஹாங்காங்கில். குழுவில் ஒரு பெரியவர், நகராட்சியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்த ஊருக்குப் போனாலும், எந்த ஹோட்டலுக்குள் நுழைந்தாலும் ஒரே கேள்வி: "இதெல்லாம் எங்க போவுது?" மற்றவர்கள் அவரைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவர்தான் ஹாங்காங் கோப்பையில் ஓடுவது கடல் தண்ணீர் என்று கைடிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து எல்லாருக்கும் சொன்னார். குடிநீருக்குப் போதுமான ஆறு ஏரி இல்லாத ஊர், 1950களின் கடைசியிலிருந்து கடல்நீரைத் தனிக் குழாயில் ஏற்றி ஃப்ளஷுக்குக் கொடுக்கிறது. ஊரில் பெரும்பாலான வீடுகளுக்கு அதுதான். பார்த்தால் சாதாரண வெள்ளைக் கோப்பை, ஒருவர்கூடப் போட்டோ எடுக்கவில்லை. எனக்கென்னவோ டோக்கியோ கண்ணாடிக் கூண்டைவிட இது பெரிய விநோதமாகப் பட்டது. கோப்பையின் முன்பக்கத்தைத்தான் இத்தனை வருடமும் பார்த்துக்கொண்டிருக்கிறோம், பின்பக்கத்தைப் பார்க்கவே இல்லை என்று தோன்றியது. அப்புறம் நானும் அவர் கேள்வியைக் கேட்க ஆரம்பித்துவிட்டேன்.

லடாக்கில் அந்தக் கேள்விக்குப் பதில் காலடியிலேயே இருக்கிறது. அங்கே கிராமத்து வீட்டுக் கழிவறை மாடியில் இருக்கும். மண் தரையில் நீள்சதுரமாக ஓர் ஓட்டை, மூலையில் ஒரு மண்குவியல், அதில் குத்தி வைத்த மண்வாரி. முடித்ததும் ஒரு வாரி மண்ணை எடுத்து ஓட்டைக்குள் போட்டுவிட்டு வர வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. குளிர்காலத்தில் குழாயில் தண்ணீர் உறைந்துவிடும் ஊரில் ஃப்ளஷ் வைத்து என்ன செய்ய? கீழ்த்தளத்தில் சேர்ந்தது மட்கி, வயலுக்கு எருவாகப் போகும். குட்டையான விளைச்சல் காலமும் சாரமில்லாத மண்ணும் உள்ள இடத்தில் அந்த எரு சோறு. நாற்றம் வரும் என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு மாடியேறியவர்கள் கீழே இறங்கி வந்து, "ஒண்ணுமே வரலியே" என்றார்கள். உலர்ந்த காற்றும் மண்ணும் அதைப் பார்த்துக்கொள்கின்றன.

லே நகரத்தில் கதை வேறு. சுற்றுலாக்காரர்கள் வெஸ்டர்ன் கோப்பையும் ஷவரும் கேட்கிறார்கள். எங்கள் குழுவும்தான் கேட்கிறது, முழங்கால் வலிக்காரர்களை வைத்துக்கொண்டு வேறு வழியில்லை. ஹோட்டல்கள் ஆழ்துளைக் கிணறு போட்டுத் தண்ணீரை எடுத்து, பக்கத்திலேயே குழி தோண்டி அதற்குள் விடுகின்றன. எடுப்பதும் விடுவதும் ஒரே மண்ணுக்குள்.

இதைக் கேட்டுவிட்டு அந்தப் பெரியவர் (அந்தப் பயணத்துக்கும் வந்திருந்தார்), "நம்ம ஊர்ல மட்டும் என்னவாம்?" என்றார்.

அவர் சொன்னது சரி. கடலூர் முதுநகர், தேவனாம்பட்டினம், இந்தப் பக்கம் புதுச்சேரிக் கடலோரக் குப்பங்கள் எல்லாமே மணல் பூமி. மழைக்காலத்தில் ஆளுயரம்கூடத் தோண்ட வேண்டாம், தண்ணீர் வந்துவிடும். அந்த மணலில்தான் வீட்டுக்கு வீடு சிமெண்ட் உறைகளை இறக்கிக் கக்கூஸ் குழி போட்டிருக்கிறோம். உறைக்கு அடியில் தளம் கிடையாது, இணைப்புகளில் பூச்சு கிடையாது. குழிக்குள் போனது மண்ணில் ஊறி வடிகட்டப்படும் என்பது கணக்கு. நிலத்தடி நீர் ஆழத்தில் இருந்து, வீடுகள் தள்ளித் தள்ளி இருந்தால் அந்தக் கணக்கு சரி. இங்கே குழியின் அடிப்பாகம் நிலத்தடி நீருக்குள்ளேயே நிற்கிறது, சில அடி தள்ளி அடிபம்பு. வெளிநாட்டுக்காரன் எவனும் இதைப் போட்டோ எடுத்துப் போய்த் தன் ஊரில் காட்டுவதில்லை, ஏனென்றால் மேலே தெரிவது அழகான டைல்ஸும் வெள்ளைப் பீங்கானும்தான்.

2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. பிறகு தென்பெண்ணையில் சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்துகொள்ள, கடலூர்ப் பக்கத்தில் வெள்ளம். மஞ்சக்குப்பத்தில் என் அம்மா வீட்டுத் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். வீட்டுக்குள் ஏறவில்லை, அதுவரைக்கும் சந்தோஷம். ஆனால் கக்கூஸ் கோப்பையில் தண்ணீர் தானாக உயர ஆரம்பித்தது. ஊற்றினால் இறங்கவில்லை, அடியிலிருந்து குபுக் குபுக்கென்று குமிழி வந்தது. குழி நிரம்பி, தெருத் தண்ணீரும் குழித் தண்ணீரும் ஒன்றாகிவிட்டால் அது வேறெங்கே போகும்? அம்மா அதன் மேல் பலகையைப் போட்டு, பலகையின் மேல் அம்மிக்குழவியைத் தூக்கி வைத்தார். மாடி உள்ள எதிர்வீட்டுக்கு, அந்தத் தண்ணீரில் நடந்து, ஒரு நாளைக்கு இரண்டு தடவை மட்டும் போய்வந்தார்கள் தெருவில் உள்ள அத்தனை பெண்களும். மாடி வீட்டுக் குழியும் அதே தெருவில்தான் இருக்கிறது என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

பாதாளச் சாக்கடை வந்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அதே ஆண்டு ஜூன் மாதம் புதுச்சேரி ரெட்டியார்பாளையம் புதுநகரில், பாதாளச் சாக்கடையிலிருந்து விஷவாயு வீட்டுக் கழிவறைகள் வழியாக ஏறி மூன்று பெண்கள் இறந்துபோனார்கள். ஒருத்தி பள்ளிக்கூடம் போகிற பெண். கழிவறைக்குள் போனவர் மயங்கி விழ, தூக்கப் போனவரும் விழுந்தார். அந்த வாரம் எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் கக்கூஸ் கதவைத் திறக்கவே பயந்தார்கள்.

1775இல் லண்டனில் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக்காரர் வளைந்த குழாய்க்குக் காப்புரிமை வாங்கினார். நம் பிளம்பர்கள் பி ட்ராப், எஸ் ட்ராப் என்று சொல்கிறார்களே, அந்த வளைவுதான். கோப்பைக்கு அடியில் குழாய் வளைந்து ஏறுவதால் அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். கோப்பையில் நாம் பார்க்கிற தண்ணீரே அதுதான். அந்தப் பக்கத்து வாயு இந்தப் பக்கம் வராமல் தடுப்பது அந்தக் கொஞ்சம் தண்ணீர் மட்டும். பயன்படுத்தாமல் கிடந்து அது காய்ந்துபோனாலும், வளைவே இல்லாமல் கோப்பையை நேராக இணைத்துவிட்டாலும், சாக்கடையில் அழுத்தம் கூடிப்போனாலும் தடுப்பு போய்விடும். ஊருக்குப் போய்விட்டு வந்து வீட்டைத் திறந்ததும் வருகிற நாற்றத்துக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும்.

சரி, இந்த மணலுக்கு ஏற்ற கழிவறை எது? அது ஜப்பானிலோ ஃபின்லாந்திலோ இல்லை, திருச்சிக்குப் பக்கத்தில் முசிறியில் இருக்கிறது. ஈகோசான் என்கிறார்கள். சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கத்துக் கடலோர ஊர்களிலும் கட்டினார்கள். முசிறியில் இதைப் பரப்பிய மராச்சி சுப்புராமனுக்கு 2021இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அங்கே பொதுக் கழிவறையைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு தடவைக்குப் பத்து பைசா வீதம் காசு கொடுத்த காலமும் உண்டு. ஜெர்மனிக்காரன் காசு வாங்கிக்கொண்டு கூப்பன் தருகிறான், முசிறிக்காரர்கள் கையிலேயே காசு கொடுத்தார்கள்.

அமைப்பு இப்படி: குழி தரைக்குக் கீழே கிடையாது, தரைக்கு மேலே. படியேறிப் போக வேண்டும். அடியில் சிமெண்ட் தளம் போட்ட இரண்டு அறைகள். கோப்பையில் மூன்று பகுதி. முன்னால் சிறுநீருக்கு ஒரு வழி, நடுவில் மலத்துக்கு ஓட்டை, கழுவுவதற்குப் பின்னால் தனி இடம். போய் முடித்ததும் ஓட்டைக்குள் ஒரு கை சாம்பல். ஓர் அறை நிரம்பினால் மூடிவிட்டு அடுத்ததைத் திறக்க வேண்டும். அது நிரம்புவதற்குள் முதல் அறையில் உள்ளது காய்ந்து மட்கி எருவாகியிருக்கும். தண்ணீரும் மலமும் சேராததால் நாற்றம் இல்லை, மண்ணுக்குள் மலக்கசிவு இறங்குவதில்லை. யோசித்துப் பார்த்தால் லடாக் மாடிக் கழிவறைதான், தண்ணீரால் கழுவுகிறவர்களுக்காக மாற்றியிருக்கிறார்கள். தண்ணீர் வருமா என்று கேட்கிற அம்மாக்களுக்கும் இதில் இடம் உண்டு, கொஞ்சம் பின்னால் நகர்ந்து உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

குறை இல்லாமல் இல்லை. வயதானவர்களுக்குப் படி ஏறுவது கஷ்டம். கேஸ் அடுப்பு வந்த பிறகு சாம்பலுக்கு எங்கே போவது? மரப்பட்டறைத் தூளைத் தேடி அலைய வேண்டும். ஒருவர் மறதியாக நடு ஓட்டையில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டால் பல நாள் வேலை கெட்டது.

முதுநகரில் என் அக்கா மகன் வீடு கட்டுகிறான். கொத்தனார் வழக்கம்போல, "ரெண்டு குழி, ஆறாறு உறை, ஒரே நாள்ல முடிஞ்சிரும்" என்றார். நான் ஈகோசான் படத்தை எடுத்துக் காட்டினேன். கொத்தனாருக்கு ஆர்வமாகத்தான் இருந்தது, படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். மறுத்தது அக்கா மருமகள். "சித்தி, வீட்டுக்கு விருந்தாளி வந்தா எங்க உக்காரணும், எங்க கழுவணும்னு யாரு போய்ச் சொல்லிக்குடுக்கறது?" நாற்பது பேருக்கு மைக் பிடித்துச் சொல்கிற எனக்கே அதற்குப் பதில் வரவில்லை.

கடைசியில் உறை வேண்டாம் என்பது வரைக்கும் ஒத்துக்கொண்டார்கள். அடியில் கான்கிரீட் தளம் போட்டு, உள்ளும் புறமும் பூசிய செப்டிக் டேங்க், பாதிக்கு மேல் தரைமட்டத்துக்கு மேலே நிற்கும்படி. அதற்காகக் கழிவறைத் தரையையும் இரண்டு படி உயர்த்தியாயிற்று. காற்றுக் குழாய் மொட்டைமாடிக்கு மேல் வரை. தண்ணீர் எடுக்கிற போர்வெல் வீட்டின் எதிர்மூலைக்கு மாறியது. காலியாக இருக்கும்போது டேங்க்கே நிலத்தடி நீரில் மிதந்து மேலே வந்துவிடும் என்று கொத்தனார் எச்சரித்ததால், கட்டி முடித்த அன்றே அதில் பாதிக்குத் தண்ணீர் விட்டு வைத்தார்கள். கோப்பையைப் பதித்த அன்று பிளம்பர் ஒரு பக்கெட் ஊற்றி, வளைவில் தண்ணீர் நிற்கிறதா என்று டார்ச் அடித்துக் காட்டினார்.

செலவு உறைக் குழியைப் போல மூன்று மடங்குக்கு மேல் ஆகிவிட்டது என்று அவன் இன்னும் புலம்பிக்கொண்டிருக்கிறான். ஹாலுக்குப் பார்த்து வைத்த டைல்ஸில் ஒரு தரம் குறைத்துத்தான் சரிக்கட்டினான்.